நாற்பத்தாறு பொட்டலம்

— வீல்சேர இன்னைக்கே எடுத்துட்டுப் போவோணுமா அம்மணி? அவன் போயி அஞ்சு நாளுகூட ஆவுல. அது பாட்டுக்கு அந்த மூலையில கெடக்கட்டும். ரூமுல அவன்னு சொல்லிப் பாக்கறதுக்கு எனக்கு அது ஒண்ணுதான் இருக்குது.

— அதுக்கு வரலைங்கம்மா. சர்ச்சோட வீல்சேர்தான், ஆனா நீங்க எத்தன நாள் வேணும்னாலும் வெச்சுக்கங்க. நான் வேற ஒண்ணு சொல்லணும்னு வந்தேன். என் பேரு உஷாராணி. அன்னைக்கு அடக்கத்துல...

— தெரியும் தெரியும். பொட்டு வெச்சுக்கிட்டு அத்தன பேருக்கும் டீ ஊத்திக்கிட்டிருந்தவதான நீ? என்ற மருமவ கேட்டா, வேதக்காரங்க கோயில்ல பொட்டு வெச்சவளுக்கு என்ன சோலின்னு. எனக்கென்ன தெரியும், நீயே கேட்டுக்கோன்னு சொல்லிப்போட்டேன்.

— எங்க சர்ச்சுல அதெல்லாம் கேக்க மாட்டாங்கம்மா. எங்களுக்குத் தறி ஓட்டற குடும்பம், சேலத்துல குகைப்பக்கம். என் வீட்டுக்காரரு என்னை விட்டுட்டுப் போனப்பறம் எங்க தெருவுல ஒரு வளைகாப்புக்குக்கூட என்னைக் கூப்பிடல. சேலைக் குடோன்ல மடிப்பு வேலைக்குப் போவேன், வருவேன், கதவச் சாத்திக்குவேன். பாஸ்டரம்மா ஒருநாள் சேலை வாங்க வந்தாங்க. ஞாயித்துக்கிழம சும்மா இருந்தா வா, எங்களுக்கு ஆள் பத்தலைன்னாங்க. பொட்ட அழின்னு சொல்லல. பைபிளத் திணிக்கல. ஒரு நோட்டக் குடுத்து, யாரு யாரப் போய்ப் பாக்கறது, யாருக்கு யாரு சாப்பாடு கொண்டுபோறதுன்னு நீ எழுதிப் பாத்துக்கன்னாங்க. நாலு வருசமா அந்த நோட்டு எங்கிட்டதான் இருக்கு.

— பொம்பளயே பூசாரியா இருக்கற கோயிலு. அப்படித்தான் இருக்கும். அந்த நோட்டுல என்ற தம்பி பேரும் இருந்துச்சாக்கும்.

— பதினோரு மாசமா இருந்துச்சும்மா. கால் எடுத்ததுலருந்து. காலையில ஒருத்தர் டிபன் கொண்டுவருவாங்க, மத்தியானம் ஒருத்தர் கேரியர். அந்தக் கேரியர்லயே ராத்திரிக்கும் இருக்கும். திங்கக்கிழம மத்தியானம் நான்.

— திங்கக்கெழம ரசம் உன்றதா? அத மட்டும் குத்தம் சொல்ல மாட்டான். வெள்ளிக்கெழமைக்காரன் உப்பக் கொட்டிப்போடறான், செவ்வாக்கெழமை டீச்சரு அஞ்சு நிமிசம் லேட்டுன்னு எனக்குப் போன்ல ரிப்போர்ட்டு வரும். ரயில்ல கார்டு உத்தியோகம் பாத்தவனல்ல. சோத்துக்கும் டைம் பாப்பான். அவன் சௌந்திரத்தைக் கட்டிக்கிட்டு வேதத்துல சேந்தப்ப எங்கப்பன் இவனத் தலமுழுவுனாரு. அவ செத்து இவன் ஒத்தக்காலோட உக்காந்தப்ப என்ற மவன், மாமனக் கொண்டாந்து வெக்க ஊட்டுல எடமில்லைன்னுட்டான். கூடப்பொறந்தவ நான் செய்யோணும். செஞ்சது நீங்க. வெக்கமாத்தான் இருக்குது, சொல்லிப்போடறேன். இப்படி வந்து உக்காரு சாமி. கட்டிலு ஆடும், மெல்ல.

— அம்மா, அந்தச் சனிக்கிழம...

— அதான் நானும் சொல்ல வந்தேன். அந்தச் சனிக்கெழமைக்கு உங்களுக்கெல்லாம் கையெடுத்துக் கும்புடோணும். பதினோரு மாசமா மாடிய விட்டு எறங்காதவன். ஆசுபத்திரிக்குத் தவுர வெளிய கண்ணக் காட்டாதவன். பனமரத்துப்பட்டி ஏரிக்குக் கூட்டிட்டுப் போறாங்கக்கா, தண்ணி பாக்கப் போறேன்னு ஒரு வாரமாச் சொல்லிக்கிட்டே கெடந்தான். போயிட்டு வந்து சாயந்திரம் அஞ்சு மணிக்கு எனக்குப் போன் போட்டான். அன்னைக்கு எங்கூட்டுல பெரிய விசேசம். மவன் போர் போடற புது ரிக் வண்டி எடுத்து, பூஜ போட்டு, ஊடு கொள்ளாம சனம். அந்தச் சத்தத்துலயும் அவன் பேசுனது கேட்டுச்சு. அக்கா, நாலு பசங்க என்னத் தூக்கிக் கரைமேல வெச்சாங்க, தண்ணி கரையத் தொட்டுக்கிட்டு நிக்குது, பிரியாணி தின்னேன்னான். சந்தோசமாப் போய்ச் சேந்தான். எத்தன பேருக்கு அந்தக் கொடுப்பினை?

— அஞ்சு மணிக்குங்களா?

— ஆமா.

— சாயந்திரம் அஞ்சு மணிக்கு அவரு உங்ககூடப் பேசுனாருங்களா? நல்லா நெனச்சுப் பாத்துச் சொல்லுங்கம்மா.

— என்ன சாமி இப்படிக் கேக்கற? மூஞ்சி வேற வெளுத்துப்போச்சு. அந்தச் சொம்புல தண்ணி இருக்குது, குடி.

— வேண்டாங்கம்மா. தண்ணி கரையத் தொடலைங்க. ஏரிக்கு நடுவுல குட்டையாட்டம் கொஞ்சந்தான் நின்னுச்சு. நாங்களே ஏமாந்துதான் போனோம்.

— அவனுக்குத் தொட்ட மாதிரி தெரிஞ்சிருக்கும். அத விடு. நானே உன்னைய ஒண்ணு கேக்கோணும்னு இருந்தேன். கதவோரத்துல அந்தச் சூவப் பாரு. ஒத்தக் காலுக்கு ஒத்தச் சூ. மொகம் பாக்கலாம், அப்படிப் பாலிஷ் போட்டிருக்கான். ஏரிக்குப் போயிட்டு வந்த சூவுன்னா அடியில ஒரு பொட்டு மண்ணாவது ஒட்டியிருக்க வேண்டாமா? நானும் நாலு நாளாத் திருப்பித் திருப்பிப் பாக்கறேன். உங்காளு ஒருத்தரு, கண்ணாடி போட்டவரு, ஹார்ட்டும்மா, தூக்கத்துலயே போயிட்டாருன்னாரு. தூக்கத்துல போறவனுக்கு எதுக்கு வெள்ளச்சட்டையும் பெல்ட்டும்? குளிப்பாட்டறப்ப அதையெல்லாம் கழட்டி ஒரு பையில போட்டு வெச்சிருந்தாங்க. நான் பாத்துப்போட்டேன்.

— அவரு ஏரிக்கு வரலைங்கம்மா.

— வரலைன்னா?

— நாங்க கூட்டிட்டுப் போகல. மறந்துட்டோம்.

— மறந்துட்டீங்களா? மனுசன மறந்துபோட்டு வாரதுக்கு அவன் என்ன கொடையா அம்மணி?

— திட்டுங்கம்மா. திட்டு வாங்கத்தான் வந்தேன். ஆனா முழுசாக் கேட்டுட்டுத் திட்டுங்க. ரெண்டு வேன் எடுத்திருந்தோம். ஒண்ணு என் பொறுப்பு, இன்னொண்ணு மோகன்குமார் தம்பி பொறுப்பு. அண்ணன மாடியிலருந்து எறக்கறதுக்கு நாலு பேரு வேணும், அந்தப் பசங்க மோகன் வேன்ல இருந்தாங்க. அதனால அவன் ஏத்திக்குவான்னு நான் நெனச்சேன். வீல்சேர் ஏறுற பெரிய கதவு என் வேன்லதான் இருந்துச்சு. அதனால அக்கா ஏத்திக்குவாங்கன்னு அவன் நெனச்சிருக்கான். ஒரு வார்த்த கேட்டிருந்தா தீந்துபோயிருக்கும். ரெண்டு பேரும் கேக்கல.

— வண்டி கெளம்பறப்ப ஆளு எண்ண மாட்டீங்களா? ஆட்டுக்காரன்கூடப் பட்டியிலருந்து எண்ணித்தான் ஓட்டுவான்.

— அதத்தான் சொல்ல வந்தேன். எங்க வழக்கம் அது. நாங்க தலை எண்ண மாட்டோம்மா. முதல் வருசம் யாரோ ஒரு பெரியவரு கோவிச்சுக்கிட்டாரு, எங்கள ஆடு மாடு மாதிரி எண்றீங்களான்னு. அப்பலருந்து பொட்டலத்தத்தான் எண்றது. நோட்டுல எத்தன பேரோ அத்தன பொட்டலம் கட்டுவோம். சாப்பிட்டு முடிச்சு பொட்டலம் மிஞ்சலைன்னா எல்லாரும் இருக்காங்கன்னு அர்த்தம். மிஞ்சுனா யாரு சாப்பிடலன்னு தேடுவோம். இந்த நாலு வருசத்துல ஒரு தடவகூட அது தப்புனதில்ல. அன்னைக்கு நோட்டுல அண்ணனையும் சேத்து நாப்பத்தாறு பேரு. நாப்பத்தாறு பொட்டலம். ஒண்ணுகூட மிஞ்சல.

— அவன்தான் வரலைங்கற. அப்பறம் எப்படி மிஞ்சாமப் போவும்?

— ஒரு அம்மா ஆடு மேய்ச்சுக்கிட்டு வந்துச்சு. கரையில எங்களையே பாத்துக்கிட்டு நின்னுச்சு. எங்க சர்ச்சுல இன்னொரு வழக்கம் இருக்குங்க. சாப்பாட்டு நேரத்துல யாரு வந்து நின்னாலும், நீ யாரு, எந்த ஊரு, என்ன சாதின்னு கேக்கக்கூடாது. மொதல்ல கையில சாப்பாட்டக் குடுக்கணும். வாங்கம்மான்னு கூப்பிட்டு உக்கார வெச்சு நாந்தான் குடுத்தேன். எம்மனசுக்கு அவ்வளவு நெறைவா இருந்துச்சும்மா. அந்தம்மா சாப்பிடறதப் போட்டோகூட எடுக்கச் சொன்னேன். அது அண்ணனோட பொட்டலம். நானே என் கையால எடுத்துக் குடுத்துட்டேன்.

— வீல்சேருல வாரவன். அத்தன பெரிய உருப்படி. ஒருத்தன் கண்ணுலயும் படலையாக்கும்.

— பெரியவங்களையெல்லாம் கரைக்கு இந்தப்பக்கம், கீழ புளியமர நெழல்ல உக்கார வெச்சிருந்தோம். மோகன் அங்க இருந்தான். நான் கரை மேல பரிமாறிக்கிட்டிருந்தேன். அண்ணன் நெழல்ல இருப்பாருன்னு நான் இருந்தேன். தண்ணி பாக்கணும்னு வந்த மனுசன், கரை மேலதான் இருப்பாருன்னு அவன் இருந்திருக்கான். திரும்பி வர்றப்பவும் அதே மாதிரிதான், அந்த வேன் அவர எறக்கி விட்டுருக்கும்னு. நான் ஆறு மணிக்கு வீட்டுக்குப் போயி, காலு வலிக்குதுன்னு வெந்நீர் வெச்சு ஊத்திக்கிட்டுப் படுத்துட்டேன்.

— உனக்கு ஒரு போன் போடத் தெரியாதவனா அவன்? நேரமாச்சு, வண்டி வரலைன்னா ஊரையே எழுப்பிப்போடுவானே.

— போனெல்லாம் பையில கெடந்துச்சு. வண்டி ஏறுனதும் அத்தன போனையும் அணைச்சு ஒரு துணிப்பையில போட்டுருவோம், திரும்பி வந்துதான் எடுக்கறது. ஒருநாளாவது மனுசங்க மொகத்தப் பாத்துப் பேசட்டும்னு. அந்த ரூலப் போட்டதே அண்ணன்தாங்கம்மா. போன வருசம், கால் நல்லா இருந்தப்ப, அவருதான் பையத் தூக்கிக்கிட்டு சீட்டு சீட்டா வந்து வாங்குனாரு. குடுக்காதவங்களப் பாத்து விசில் ஊதுவாரு. பையில கெடக்கும், யாரும் எடுக்க மாட்டாங்கன்னு அவருக்குத் தெரியும். அதனாலதான் எங்க ஒருத்தருக்கும் அவரு கூப்பிடல.

— யாருக்குமே கூப்புடலையா?

— எங்க யாரு போன்லயும் அவரு கூப்பிட்டதா ஒரு மிஸ்டு கால் மெசேஜ்கூட இல்லைங்கம்மா.

— ம். மேல சொல்லு.

— கீழ ஜெராக்ஸ் கடை ரெண்டாவது சனிக்கிழம தொறக்க மாட்டான், ஆபீஸெல்லாம் லீவுன்னு. வீட்டு ஓனர் குடும்பம் கல்யாணத்துக்குப் போயிருந்தாங்க. கூப்பிட்டிருந்தாலும் கேக்கறதுக்கு ஆளில்ல. அப்பறம், அம்மா... அவரு காலையில ஏழு மணிக்கு ஊசி போட்டுருக்காரு.

— சுகரு ஊசியா?

— ஆமாங்க. போட்டா அரை மணி நேரத்துல ஏதாச்சும் சாப்பிட்டாகணும். ஏழரைக்கு வேன் வரும், வேன்லயே இட்லி குடுப்போம்னு நாந்தான் முந்தின நாள் சொல்லிட்டுப் போனேன். அன்னைக்கு யாரும் காலையில டிபனும் கொண்டுவரல, மத்தியானம் கேரியரும் கொண்டுவரல. அவருதான் எங்ககூட வர்றாரே, எதுக்குன்னு நோட்டுல ரெண்டு கட்டத்தையும் நானே கோடு போட்டு அடிச்சேன். அடுப்ப நாங்களே எடுத்துட்டோம், ஒத்தக்கால்ல நின்னு கையச் சுட்டுக்கிட்டாருன்னு. ஒரு பிஸ்கட்டு, ஒரு வெல்லம் வீட்டுல வெக்க மாட்டாரு. கண்ணுல பட்டாத் தின்னுருவேன்மா, எடுத்துட்டுப் போன்னு எங்கிட்டயே குடுத்து விடுவாரு. ஞாயித்துக்கிழம காலையில மோகன் டிபன் கொண்டாந்தப்ப, கதவுக்கு நேரா, படி எறங்கற எடத்தப் பாத்து வீல்சேர் நின்னிருக்கு. இவரு பக்கத்துல சாஞ்சு கெடந்தாரு. வெள்ளச்சட்ட. சூ. போன் சார்ஜ் தீந்து கட்டிலுக்கடியில கெடந்துச்சு. அதத்தான் உங்க கையில குடுத்தோம். டாக்டர் வந்து பாத்துட்டு, சுகர் எறங்கியிருக்கும், சனிக்கிழம மத்தியானத்துக்குள்ளயே உசுரு போயிருக்கும்னாரு.

— மத்தியானத்துக்குள்ள.

— ஆமாங்க.

— ஹார்ட்டுன்னு எதுக்குச் சொன்னீங்க?

— கமிட்டியில ரெண்டு பேரு, அக்காகாரம்மாவுக்கு எதுக்கு இந்தக் கொடுமையச் சொல்லணும், போனது வரப்போகுதான்னாங்க. பாஸ்டரம்மா ஒத்துக்கல. வர்ற ஞாயித்துக்கிழம சபைக்கு முன்னால நின்னு, நாம மறந்ததாலதான் அவரு செத்தாருன்னு சொல்லப் போறாங்க. நாந்தான் கேட்டுக்கிட்டேன், அதுக்கு முன்ன அவங்க அக்காகிட்ட நான் போய்ச் சொல்லிட்டு வர்றேன்னு. நோட்டையும் திருப்பிக் குடுத்துட்டேன். பாஸ்டரம்மா வாங்க மாட்டேன்னாங்க. மேசை மேல வெச்சுட்டு வந்துட்டேன். அந்த நோட்டு இல்லைன்னா எனக்குச் சேலை மடிக்கறதும் கதவச் சாத்தறதுந்தான். இருந்தாலும் இன்னொருத்தர் பேர எழுதக் கை வரலைங்கம்மா.

— நல்லவங்களா இருக்கறதுக்கு இத்தன சட்டம் வெச்சிருக்கீங்க. தல எண்ணக்கூடாது. யாருன்னு கேக்கக்கூடாது. போனத் தொடக்கூடாது. எந்தச் சட்டமாச்சும் அவனுக்கு ஒரு இட்லி குடுத்துச்சா? ஒண்ணுஞ் செய்யாத சனம் எங்க சனம், நான் ஒத்துக்கறேன். ஆனா எங்காளுவ, வாரோம் இருன்னு சொல்லிப்போட்டு வராம இருந்ததில்ல. வரமாட்டோம்னு நேராச் சொல்லிப்போடுவோம். அவன் ஏழு மணிக்கு ஊசியக் குத்திக்கிட்டு, படியப் பாத்துக்கிட்டு...

— அழுவாதீங்கம்மா.

— நான் அழுவல. நீ அழுவாத மொதல்ல. அழுது எனக்கு என்ன ஆவப்போவுது?

— சத்தியமாச் சொல்றேங்கம்மா, ஞாயித்துக்கிழமையிலருந்து எனக்கு எறங்கல. சோத்தப் பெசஞ்சா அந்த ஆட்டுக்காரம்மா கையிதான் தெரியுது. செத்துரலாம்னுகூட இருந்துச்சு. இப்ப நீங்க அஞ்சு மணின்னு சொன்னீங்கல்ல, அப்பத்தான் எனக்கு மூச்சே வந்துச்சு.

— அஞ்சு மணியா?

— டாக்டர் சொன்னது தப்புன்னு தெரிஞ்சுபோச்சுல்ல. அஞ்சு மணிக்கு உங்ககூடப் பேசியிருக்காருன்னா, எங்கயோ எதையோ எடுத்துச் சாப்பிட்டிருக்காரு. சுகர் எறங்கிச் சாகல. நீங்க மொதல்ல கேள்விப்பட்ட மாதிரி, ராத்திரி ஹார்ட்டே நின்னிருக்கலாம். அதுக்கும் மேல, அம்மா, அவரு போகாத ஏரிக்குப் போனேன்னு உங்ககிட்டச் சொல்லியிருக்காரு. தண்ணி தொட்டுக்கிட்டு நிக்குதுன்னு கதை கட்டியிருக்காரு. எதுக்கு? நீங்க எங்களத் தப்பா நெனச்சுரக் கூடாதுன்னு. விட்டுட்டுப் போனவங்களக் காட்டிக்குடுக்காம சிரிச்சுக்கிட்டே பேசியிருக்காரு. எங்கள மன்னிச்சிருக்காரும்மா. அது ஒண்ணு போதும் எனக்கு.

— உஷாராணி.

— இத நான் பாஸ்டரம்மாகிட்டச் சொல்லணும். மோகன்கிட்டச் சொல்லணும், அவன் மூணு நாளா ரூம விட்டே வெளிய வரல. நாம மறந்ததாலதான் செத்தாருன்னு ஞாயித்துக்கிழம சபையில சொல்ல வேண்டியதில்லைங்கம்மா. உங்க போன ஒரு தடவ காட்டறீங்களா? அவரு நம்பர், அஞ்சு மணின்னு போட்டிருக்கும்ல. கண்ணால பாத்துட்டாப் போதும். நான் எந்திரிச்சுப் போயிருவேன்.

— காட்ட மாட்டேன்.

— ஒரு நிமிசந்தாங்கம்மா.

— வேண்டாம் சாமி. பாக்காத. நீ இத்தன தூரம் வந்து எங்கிட்ட மறைக்காமச் சொல்லிப்போட்ட. எனக்குத்தான் நெஞ்சுரம் இல்ல. எழவுக்கு வந்த சனமெல்லாம், கடைசியா எப்ப பேசுன, கடைசியா எப்ப பேசுனன்னு கேட்டுத் தொளச்சுப்போட்டாங்க. உங்காளுவ வெளிய பெஞ்சுல உக்காந்து ஏரியப் பத்தியும் பிரியாணியப் பத்தியும் பேசிக்கிட்டிருந்தாங்க. அவனும் போயிருப்பான்னுதான் நானும் நெனச்சேன். அத எடுத்துத்தான் வாயில வந்தபடி அந்த அஞ்சு மணியக் கட்டுனேன்.

— அப்ப அவரு உங்களக் கூப்பிடவே இல்லைங்களா?

— கூப்புட்டான் அம்மணி. எட்டரையிலருந்து பதினொன்னே கால் வரைக்கும் ஏழு தடவ கூப்புட்டிருக்கான். பூஜ நேரத்துல, என்னைய உன்ற ஊட்டுக்கே கூட்டிட்டுப் போக்கான்னு அழுதுபோடுவானோன்னு, நாந்தான் போன அரிசி டின்னுக்குள்ள போட்டு மூடி வெச்சேன்.